ரீட்-ஒன்லி பூட்டு: விம், ஈமேக்ஸ், விஎஸ் கோடில் எது எவ்வளவு தாங்கும்?

சர்வரின் கான்ஃபிக் ஃபைலைப் படிக்கத்தான் திறக்கிறோம். கை தவறி ஒரு எழுத்து விழுந்து சேவ் ஆனால் அடுத்த ரீஸ்டார்ட்டில் சர்வீஸ் எழுந்திருக்காது. அதற்குத்தான் ரீட்-ஒன்லி, அதாவது படிக்க மட்டும் விட்டு மாற்றத்தைத் தடுக்கும் பூட்டு. ஆனால் விம், ஈமேக்ஸ், விஎஸ் கோட் என எடிட்டருக்கு எடிட்டர் பூட்டு விழும் இடம் வேறு; அது நாள்பட்ட புழக்கத்தில்தான் பிடிபடும்.

அதிகம் ஏமாற்றுவது விம்தான். ":செட் ஆர்ஓ" போட்டாலும் டைப் செய்ய விட்டுவிடும். முதல் மாற்றத்துக்கு டபிள்யூ10 என்ற எச்சரிக்கை வரும், அவ்வளவே. சேவ் செய்யும்போதுதான் இ45 என்று மறுக்கும். அங்கே பழக்கதோஷத்தில் ":டபிள்யூ!" அடித்தால் எழுதிவிடும். கூடவே அந்த பஃபரின் (எடிட்டரில் திறந்திருக்கும் ஃபைலின் நகல்) ரீட்-ஒன்லியும் சத்தமில்லாமல் கழன்றுவிடும். அடுத்த சேவுக்குத் தடையே இருக்காது. கை வைக்கவே விடக்கூடாது என்றால் ":செட்லோக்கல் நோமாடிஃபையபிள்" போடுங்கள். ஒரு எழுத்தை அழிக்கப் போனாலும் இ21 வந்து நிற்கும். ":செட்லோக்கல் மாடிஃபையபிள்!" என்பதை எஃப்2 விசையில் கட்டிவைத்தால் ஒரே தட்டில் பூட்டவும் திறக்கவும் ஆகும். இந்த ஒன்றைத்தான் அடித்துச் சொல்வேன்.

விம் திருத்தும்போது வைக்கும் தற்காலிக ஸ்வாப் ஃபைல் ஏற்கனவே இருந்தால் ஒரு எச்சரிக்கை வரும். அதில் "ஓ" (ரீட்-ஒன்லியாகத் திற) கொடுத்துத் திறந்த ஃபைலில் கூடுதல் கவனம் வேண்டும். அதே ஃபைல் இன்னொரு டெர்மினலில் திறந்திருக்கலாம். இங்கே பூட்டை எடுத்து எழுதினால், அங்கே சேவ் ஆன திருத்தத்தின் மேலேயே எழுதிவிட வாய்ப்புண்டு.

ஈமேக்ஸில் பூட்டவும் திறக்கவும் கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-க்யூ. பூட்டு பஃபரிலேயே விழுவதால் டைப் செய்யவே விடாது. கீழே உள்ள நிலைவரியான மோட் லைனில் %% தெரியும். நம்பிக்கையானது. ஆனால் ஃபோல்டரின் ஃபைல் பட்டியலைக் காட்டும் டைரெட் பஃபரில் அதே விசைகள் நேர்மாறாக வேலை செய்யும்: ஃபைல் பெயர்களே திருத்தக்கூடியவையாக மாறிவிடும்.

விஎஸ் கோடில் கமாண்ட் பேலட்டைத் திறந்து "டாகிள் ஆக்டிவ் எடிட்டர் ரீட்-ஒன்லி இன் செஷன்" கொடுத்தால் போதும். 2023-இல் வந்த வசதி இது. நிரந்தரமாகப் பூட்ட "ஃபைல்ஸ்.ரீட்ஒன்லிஇன்க்ளூட்" அமைப்பில் ஃபோல்டர் பேட்டர்ன் கொடுக்கலாம், தானாக உருவாகும் கோடுக்கு மிகப் பொருத்தம். டிஸ்க்கில் எழுத அனுமதி இல்லாத ஃபைலை எடிட்டரும் பூட்ட வேண்டுமென்றால் "ஃபைல்ஸ்.ரீட்ஒன்லிஃப்ரம்பெர்மிஷன்ஸ்" அமைப்பை நீங்களே ஆன் செய்ய வேண்டும்.

இவை எல்லாமே எடிட்டருக்குள் மட்டும். கிட் செக்அவுட்டோ வேறு ஸ்கிரிப்ட்டோ அந்த ஃபைலை மாற்றுவதை இவை தடுக்காது. சிஎச்மாட் போட்டு எழுதும் அனுமதியை எடுத்தாலும் ரூட்டுக்கு (எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகிக் கணக்கு) அது தடையில்லை. லினக்ஸில் ரூட்டையும் நிறுத்த, ஃபைலை மாற்ற முடியாததாகக் குறிக்கும் "சிஎச்அட்டர் +ஐ" வேண்டும். அதைப் போட்ட ஃபைலில் பேக்கேஜ் அப்டேட் முட்டி நின்றால், வேறெங்கும் தேடாமல் முதலில் அந்தக் குறியைக் காட்டும் "எல்எஸ்அட்டர்" ஓட்டிப் பாருங்கள்.