ஓசியில் வந்த மூன்று ஏஐ: ராமேஸ்வரம் கரையில் எது தேறும்?

2025 ஜூலையில் ஏர்டெல், ஆண்டுக்கு 17,000 ரூபாய் பெறும் பெர்ப்ளெக்ஸிட்டி ப்ரோவைத் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வருடம் சும்மா கொடுத்தது. அக்டோபர் கடைசியில் ஜியோ, 35,100 ரூபாய் மதிப்பு என்று சொல்லி கூகுளின் ஜெமினி ப்ரோவை 18 மாதத்துக்குத் தூக்கிக் கொடுத்தது. நவம்பர் 4 முதல் சாட்ஜிபிடி, மாதம் 399 ரூபாய் கோ திட்டத்தை ஒரு வருடம் இலவசமாக்கியது. ஆக, தங்கச்சிமடத்தில் நண்டுவலை விடுகிறவர் சட்டைப்பையிலும் அரை லட்சத்துக்கு மேல் பெறும் அறிவு வந்து உட்கார்ந்துவிட்டது. டீசலுக்குத்தான் காசு புரட்ட வேண்டியிருக்கிறது.

சரி, மூன்றில் எது?

ஜெமினிக்கு இங்கே பெரிய ரசிகர் ஃபிளெக்ஸ் கடைத் தம்பிதான். 2025 செப்டம்பரில் நாடே ஜெமினியின் படம் போடும் வசதியான நானோ பனானாவில் பழைய காலத்துப் புடவை கட்டிப் படம் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் அதில் தொழிலைப் பார்த்தார். மாப்பிள்ளைக்குப் பின்னால் புதுப் பாம்பன் பாலம், பாலம் தூக்கியபடி, கீழே கப்பல், மேலே கலாம் ஆசீர்வாதம். முன்பு அரை நாள் வேலை. பேனரில் வரும் தமிழை மட்டும் அவரே அடிக்கிறார். அதில் அவர் யாரையும் நம்புவதில்லை. கூடவே வரும் 2 டெராபைட் சேமிப்பு இடம் இன்னொரு வரப்பிரசாதம். குடும்பக் குழுவில் வரும் காலை வணக்கப் படங்களைப் பேரன் காலம் வரை சேர்த்து வைக்கலாம். சுந்தர் பிச்சை வேறு பக்கத்து மதுரையில் பிறந்தவர், சொந்தக்காரர் மாதிரி. குழம்பு வைக்க மட்டும் கூகுளைக் கேட்பதானால் கொஞ்சம் யோசியுங்கள். 2024 மே மாதம் அதன் தேடலில் வந்த ஏஐ, பீட்சாவில் சீஸ் ஒட்டப் பசை சேர்க்கச் சொன்னது. ரெடிட் என்ற அரட்டைத் தளத்தில் யாரோ எப்போதோ அடித்த கிண்டலை அப்படியே நம்பிவிட்டது.

பெர்ப்ளெக்ஸிட்டி டீக்கடைக்கு ஏற்ற ஆள். கச்சத்தீவுப் பேச்சு எழாத டீக்கடை இந்தப் பக்கம் ஏது? 1974 ஒப்பந்தம், 1976 கடிதங்கள் என்று ஆதாரத்தோடு எடுத்துப் போடும். ஆதாரத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சுட்டி நீலமாக இருந்தால் போதும், எதிராளி டீ கிளாஸை வைத்துவிடுவார். அந்தக் கம்பெனியின் தில்லும் டீக்கடைத் தில்தான். அதன் மதிப்பே சுமார் 1,800 கோடி டாலராக இருந்தபோது, கூகுளிடம் போய் அதன் குரோம் பிரவுசரை 3,450 கோடி டாலருக்குக் கேட்டது. கூகுள் கொடுக்கவில்லை.

சாட்ஜிபிடிக்கு மனு எழுதுவதில் அடித்துக்கொள்ள ஆளில்லை. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு ஞாயிறு ராத்திரியே ‘பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்’ என்று தயாராகிவிடுகிறது. 2025 மார்ச்சில் ஜப்பான் கார்ட்டூன் பாணி ஜிப்லி படம் கேட்டுக் கேட்டு ஜிபியு சிப் எல்லாம் உருகுகிறது என்று சாட்ஜிபிடி கம்பெனித் தலைவர் சாம் ஆல்ட்மன் புலம்பினாரே, அந்தக் கூட்டத்தில் நம்மூர்க்காரர்களும் உண்டு.

கடலுக்குள் மூன்றும் ஒன்றுதான். கரை மறைந்தால் சிக்னலும் மறையும், அப்புறம் விஎச்எஃப் வயர்லெஸ் கருவிதான் பேசும். தனுஷ்கோடி முனையில் சில நேரம் போனே இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். விசைப்படகு கடலுக்குப் போக வாங்கும் டோக்கனுக்கும் மீன்வளத்துறை ஆபீஸ்தான் போக வேண்டும்.

எதற்கு இந்த வள்ளல்தனம் என்றால், கரையில் யாருக்கும் விளக்க வேண்டாம். வியாபாரி முன்பணம் கொடுத்து வலையும் இன்ஜினும் வாங்க வைப்பார். அப்புறம் வருகிற இறாலை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். இங்கே இறால் நம்முடைய கேள்விகள், படங்கள், பழக்கம். சாட்ஜிபிடிக்கு அமெரிக்காவுக்கு அடுத்த பெரிய சந்தை இந்தியா. 2016 செப்டம்பரில் ஜியோ டேட்டாவைச் சும்மா கொடுத்து, அடுத்த ஏப்ரலில் கட்டணம் கேட்டபோது எத்தனை பேர் போனை அணைத்து வைத்தோம்?

என் ஓட்டு ஜெமினிக்கு. அறிவுக்காக இல்லை, 2 டெராபைட்டுக்காக. மனு எழுத வேண்டிய வீட்டில் சாட்ஜிபிடியும் இருக்கட்டும். ஆனால் அதை எடுக்கும்போது யுபிஐயோ கார்டோ கொடுத்திருப்பீர்கள், வருடம் முடியும் முன் ஆட்டோபேயை நிறுத்திவிடுங்கள். 2025 நவம்பரில் எடுத்தவர்களுக்கு அடுத்த நவம்பரில், புயல் எச்சரிக்கைக் கொடி ஏறித் தொழில் இல்லாத வாரத்தில்தான், அந்த 399 போகும்.