சிங்கப்பூர் பெர்மிட்டா, அரபு நாட்டு விசாவா?

கட்டட வேலையோ வெல்டிங்கோ தெரிந்த பையன் வெளிநாடு போக நினைத்தால், முதலில் கண்ணில் படுவது இந்த இரண்டு வழிதான். ஏஜென்ட்டிடம் எல்லோரும் கேட்பது "சம்பளம் எவ்வளவு?" அதைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: முதலாளி சம்பளத்தை நிறுத்திவிட்டால், அவரை விட்டு வேறு கம்பெனிக்குப் போக அந்த நாட்டுச் சட்டம் விடுமா? நான் இதை வைத்துத்தான் இரண்டையும் எடை போடுகிறேன்.

சிங்கப்பூரின் பெரிய பலம் ஐபிஏ கடிதம், அதாவது வேலை பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதம். விமானம் ஏறும் முன்பே, தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் அது அவர் கைக்கு வர வேண்டும் என்பது விதி. பேசிக் (அடிப்படைச் சம்பளம்), அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். பேசிக் என்ற வரியை உற்றுப் பாருங்கள். "மாதம் 800 வெள்ளி" (சிங்கப்பூர் டாலர்) என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். கடிதத்தில் பேசிக் 520, அலவன்ஸ் 280 என்று பிரித்திருக்கலாம். ஓடி, அதாவது கூடுதல் நேர வேலைக்கான கூலி, கணக்காவது பேசிக்கை வைத்து மட்டும்தான். மாத பேசிக்கை 12ஆல் பெருக்கி, 52 வாரத்துக்கும் வாரம் 44 மணி நேரத்துக்கும் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி வரும். ஓடிக்கு அதில் ஒன்றரை மடங்கு. 520க்கு இது 4.09 வெள்ளி. 800 முழுவதும் பேசிக்காக இருந்தால் 6.29. மாதம் 72 மணி நேரம் ஓடி பார்ப்பவருக்கு 150 வெள்ளிக்கு மேல் வித்தியாசம். கடிதத்தில் உள்ள பேசிக்கை, தொழிலாளி எழுத்தில் சம்மதிக்காமல் குறைக்க முடியாது. அதனால் அங்கே போன பிறகு நீட்டுகிற காகிதம் எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, முதலாளியை மாற்ற முடியுமா? கட்டட வேலையில் பெர்மிட் முடிய 40 நாள் முதல் 21 நாள் இருக்கும் இடைவெளியில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே மாறலாம். மற்ற நேரத்தில் பொதுவாக அவர் சம்மதம் வேண்டும். முதலாளியோ எப்போது வேண்டுமானாலும் பெர்மிட்டை ரத்து செய்யலாம். சம்பளப் பாக்கிக்கு முதலில் டாடம் என்ற தொழில் தகராறு அமைப்பில் சமரசம், அங்கே தீராவிட்டால் தீர்ப்பாயம். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஊர் என்பதால் வாயைத் திறந்து குறையைச் சொல்வது எளிது. ஆனால் ஏஜென்ட்டுக்குச் சில லட்சம் கடன் வாங்கிக் கொடுத்தவர் எங்கே வாயைத் திறப்பார்? ஊருக்கு அனுப்பிவிட்டால் வட்டியை யார் கட்டுவது என்ற பயம்தான் அவரைக் கட்டிப்போடுகிறது. சிங்கப்பூர் ஏஜென்சி அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. நம் ஊர் சப்-ஏஜென்ட்டிடம் போகும் பணத்தை அது எட்டாது. பெர்மிட் ரினியூ செய்ய முதலாளி காசு கேட்டால் அது அங்கே குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை.

அரபு நாடுகளை ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவது தவறு. காகிதத்தில் கத்தார் வெகுதூரம் முன்னேறிவிட்டது. 2020இல் என்ஓசி (முதலாளியின் தடையில்லாச் சான்று) இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் என்றால் ஒரு மாத நோட்டீஸ், அதற்கு மேல் இரண்டு மாதம். 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச பேசிக் 1,000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி தராவிட்டால் அதற்கு 500, 300 தனி. சிங்கப்பூரில் இப்படி ஒரு குறைந்தபட்சக் கூலிச் சட்டமே வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கிடையாது. வேலை முடிந்து திரும்பும்போது கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையும் அரபு நாடுகளில் உண்டு. சிங்கப்பூரில் பெர்மிட்காரருக்கு சிபிஎஃப் என்ற சேமநிதி கிடையாது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பதும் கத்தார் விதி.

ஆனால் வேலையை விட்டு ஓடிவிட்டதாக முதலாளி புகார் கொடுத்தால் தொழிலாளியின் நிலை தலைகீழாகிவிடுகிறது. சவுதியில் ஹுரூப் (ஓடிப்போனவர் என்ற பதிவு) என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஆட்கள் நடுங்குவது இதனால்தான். 2021 மார்ச்சில் சவுதியும் ஒரு வருடத்துக்குப் பிறகு கபீலின் (விசா கொடுத்த முதலாளியின்) சம்மதம் இல்லாமல் மாறலாம் என்றது. வீட்டு வேலை, வீட்டு டிரைவர், தோட்டம், ஆடு மேய்ப்பு போன்றவற்றை அதில் சேர்க்கவில்லை. யாருக்குப் பாதுகாப்பு மிகவும் தேவையோ அவர்களையே வெளியே விட்டுவிட்டார்கள்.

குவைத்தில் 18ஆம் எண் விசா கம்பெனிக்கு, 20ஆம் எண் காதிம் விசா வீட்டு வேலைக்கு. இருபதிலிருந்து பதினெட்டுக்கு மாற அரசு எப்போதாவதுதான் வழி திறக்கும். 2024இல் இரண்டு மாதம் திறந்தது. "காதிம்ல போ, அங்க போய் மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

தங்குமிடத்தில் இரண்டு பக்கமும் தலைகுனிய வேண்டியதுதான். 2024 ஜூனில் குவைத் மங்காஃப் தீ விபத்தில் ஏறக்குறைய 50 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இந்தியர்கள், தமிழர்களும் உண்டு. சிங்கப்பூரில் 2020 கொரோனா டார்மிட்டரிகளில் (தொழிலாளர் விடுதிகளில்) பரவிய வேகத்தைப் பார்த்த பிறகுதான், புதிய டார்மிட்டரிகளில் ஓர் அறைக்கு 12 பேர் என்று வரம்பு வைத்தார்கள். லாரியின் பின்பக்கத்தில் ஆட்களை ஏற்றிப் போவது அங்கே இன்னும் நிற்கவில்லை.

இன்னொரு வித்தியாசம். இந்தியாவின் இசிஆர் (குடியேற்ற அனுமதி தேவைப்படும்) பட்டியலில் உள்ள 18 நாடுகளில் அரபு நாடுகள் இருக்கின்றன, சிங்கப்பூர் இல்லை. பத்தாம் வகுப்பு முடிக்காதவர் குவைத்துக்குப் போக குடியேற்ற அனுமதியும் காப்பீடும் கட்டாயம்; சிங்கப்பூருக்குப் போக அந்தச் சோதனை எதுவும் இல்லை.

என்னைக் கேட்டால், கையில் டிரேடும் ஸ்கில் டெஸ்ட் பாஸும் இருந்து, கடன் ஓராண்டு சம்பாத்தியத்துக்குள் அடங்குமானால் சிங்கப்பூர். கடன் வாங்க வழியில்லை என்றால் கத்தார் கம்பெனி விசா. சென்னையிலுள்ள கத்தார் விசா மையத்தில் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவீர்கள், ஏஜென்ட் சொன்ன தொகை அதில் இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஏஜென்ட்டின் லைசென்ஸ் நம்பரை இந்திய அரசின் இமைக்ரேட் தளத்திலும், சிங்கப்பூர் பெர்மிட்டை அந்நாட்டு மனிதவள அமைச்சின் தளத்திலும் சரிபார்க்கலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள்.