டிரைக்கோகிரம்மா அட்டை: கரும்புக்கு வாங்கலாமா?

கரும்புத் தண்டைக் குடையும் இடைக்கணுப் புழுவுக்கு மருந்தடித்துச் சலித்துப்போனவர்கள், பூச்சியின் முட்டைக்குள் வளர்ந்து அதை அழிக்கும் குட்டிக் குளவி அடங்கிய இந்த முட்டை ஒட்டுண்ணி அட்டையைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் யாரிடம் வாங்குகிறோம், குளவி எந்த வளர்ச்சி நிலையில் இருக்கும்போது நம் கைக்கு வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் பலன்.

அட்டையின் மேல் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று ஒட்டியிருப்பது அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள், ஒரு சிசிக்கு (ஒரு கன சென்டிமீட்டர் அளவு முட்டைக்கு) ஏறக்குறைய 20,000. அந்துப்புழு பொரிக்காமலிருக்க முதலில் புற ஊதா ஒளியில் காட்டிவிட்டு, பிறகுதான் டிரைக்கோகிரம்மா குளவிகளிடம் விடுகிறார்கள். அரை மில்லிமீட்டர் நீளம்கூடச் சரியாகத் தேறாத அந்தக் குளவி, முட்டையைத் துளைத்து உள்ளே தன் முட்டையை வைக்கிறது. அது ஓரிரு நாளில் புழுவாகி உள்ளே இருப்பதைத் தின்று, மூன்று நான்கு நாளில் அந்த முட்டை கறுத்து, அதற்குள்ளேயே கூட்டுப்புழுவுமாகி, ஏழெட்டு நாளில் வட்டமாக ஓட்டை போட்டுக் குளவியாக வெளியே வருகிறது. லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஓட்டை வழியாகத் தலையை நீட்டி, உணர்கொம்பை ஆட்டிவிட்டு உடம்பை இழுத்துக்கொண்டு வருவது அவ்வளவு அழகு! வயலில் இடைக்கணுப் புழுவின் முட்டைக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது. புழு தண்டுக்குள் போய்விட்டால் தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது, இது புழு பிறப்பதற்கு முன்பே கதையை முடித்துவிடுகிறது.

இனி குறை. இணையத்தில் ஒருவரிடம் வாங்கியது கூரியரில் வெயிலில் கிடந்து வந்தது. பிரித்தால் முட்டையெல்லாம் ஓட்டை, பையின் அடியில் செத்த குளவிகள் தூசியாகக் கிடந்தன. மாற்றித் தரவும் மறுத்துவிட்டார்கள். அதன்பின் பக்கத்துச் சர்க்கரை ஆலையின் ஒட்டுண்ணி ஆய்வகத்தில்தான் வாங்குகிறேன், குளவி வெளிவரும் தேதியை அட்டையிலேயே எழுதித் தருகிறார்கள். அட்டை கருகருவென்று, ஓட்டை விழாமல் இருக்க வேண்டும். வாங்கியதை உடனே கட்டிவிடுங்கள்.

வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 2.5 சிசி, அதாவது ஏக்கருக்கு 1 சிசி. நாலாம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, ஆறு தடவை. துண்டுகளாக வெட்டி, வெயில் இறங்கியபின் தோகையின் அடிப்பக்கம் ஸ்டேப்ளர் போட்டு வயல் முழுக்கப் பரவலாகக் கட்டுங்கள். எறும்பு இருக்கும் இடத்தில் கட்டினால் முட்டையைத் தின்றுவிடும். அந்த வாரம் பூச்சிமருந்து அடித்தால் குளவியும் சேர்ந்து சாகும்.

அப்புறம், ஏற்கெனவே தண்டைக் குடைந்துகொண்டிருக்கும் புழுவுக்கு இது உதவாது. அதற்குக் கொட்டீசியா என்ற வேறொரு குளவி இருக்கிறது, அது புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். ஒரே ஒரு தடவை கட்டிவிட்டுப் "பலனே இல்லை" என்று சொல்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஆறு தடவையும் விடாமல் கட்டிவிட்டு, வெட்டும்போது கணுக்களில் எத்தனை துளை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.