சுங்கை சிப்புட்ல குட்டி பேக்கோ வச்சு அடிக்கட்ட எடுத்த அனுபவம்

வீட்டு பின்னால பெரிய மரத்து அடிக்கட்டய வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம இருக்கறவங்களுக்காக எழுதுறேன், கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்குங்க.

எங்க வீடு மலேசியா பேராக்ல, சுங்கை சிப்புட்ல ஒரு பழைய தோட்டத்து ஓரத்துல. ரெண்டு வருஷமா பின்னால அஞ்சு கட்ட கெடந்துச்சு, மூணு பால்மரம் (ரப்பர்), ஒரு மாமரம், ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை). தானா மக்கி போவும்னு விட்டுட்டோம், அதுதான் தப்பா போச்சு. அப்பா ஆசையா வச்ச பலாக்கண்டு எல மஞ்சளாகி ரெண்டே மாசத்துல காஞ்சிருச்சு, புடுங்கி பாத்தா வேர் பூரா வெள்ள வெள்ளயா நூல் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. அப்பா 30 வருஷம் மரம் சீவுனவரு, பாத்த ஒடனே இது வெள்ள வேர் நோய்னு சொல்லிட்டாரு. பால்மர கட்டையில அந்த பூஞ்சணம் மண்ணுக்குள்ளயே வருஷக்கணக்கா உயிரோட இருந்து வேர் வழியா பக்கத்து மரத்துக்கு ஏறிடுமாம். செம்பனை கட்டைய விட்டாலும் கனோடெர்மாங்கற அழுகல் பூஞ்சணம் வரும், மக்குன கட்டைக்குள்ள காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். அதனாலதான் மறுநடவுக்கு முன்னால தோட்டத்துல பழைய கட்டைய அப்படியே விடமாட்டாங்கன்னாரு.

மொதல்ல வேற ஒரு ஆள கூப்புட்டோம். அவரு பெரிய மெஷின் கொண்டாந்து கட்டையில வயர் கயிற கட்டி ஒரே இழுப்பா இழுத்தாரு, கயிறு அறுந்து பறந்துச்சு, நல்ல வேள அம்மா உள்ள இருந்தாங்க, வெளிய நின்னிருந்தா நெனச்சே பாக்க முடியல. தண்ணி பைப்பும் ஒடஞ்சிருச்சு, கட்ட மட்டும் அசையல. தயவு செஞ்சு யாரும் வீட்டுகிட்ட வயர் கயிறு கட்டி இழுக்க விடாதீங்க.

அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க சொல்லி, டவுன்ல டயர் கடைக்கு பின்னால யார்டு வச்சிருக்க ஒரு அண்ணன கூப்புட்டோம். அவரு கொண்டாந்தது 3 டன் குபோத்தா பேக்கோ, அதாவது மண்ணு தோண்டற மெஷின், பாத்தா பொம்ம மாதிரி இருக்கு, அப்பாவே இது எப்படிப்பா பத்தும்னாரு. அந்த அண்ணன் சொன்னது இன்னும் காதுல இருக்கு, "ஐயா, கட்டைய இழுக்கக்கூடாது, தோண்டணும்."

அப்படித்தான் செஞ்சாரு. மொதல்ல தண்ணி பைப் எந்த பக்கம் போவுது, கரண்டு ஒயரு மண்ணுக்குள்ள இருக்கான்னு கேட்டு சுண்ணாம்புல கோடு போட்டுக்கிட்டாரு. அப்புறம் கட்டைய சுத்தி ரெண்டடி தள்ளி வாய்க்கா மாதிரி வெட்டுனாரு, சின்ன வேர பக்கெட்டு பல்லாலயே அறுத்தாரு, தொட மாதிரி தடிச்ச பக்கவேர் வந்தா எறங்கி தண்ணி அடிச்சு மண்ண கழுவிட்டு செயின்சாவால அறுத்தாரு, மண்ணோட அறுத்தா செயின் ரெண்டு நிமிஷத்துல மொட்டையாயிருமாம். மெஷின் முன்னால உள்ள பிளேட மண்ணுல ஊனிக்கிட்டு பக்கெட்ட தன் பக்கமா மடக்கி இழுக்கறப்பதான் பலம் அதிகம், கைய பக்கவாட்டுல ஆட்டி கட்டைய தள்ளுனா சுத்துற மோட்டருதான் கெடும்னு வேல செஞ்சுக்கிட்டே வெளக்குனாரு.

செம்பனைதான் ரொம்ப சுளுவு. அதுக்கு ஆணிவேரே கெடையாது, கத்தையா மெல்லிசு வேர்தான், அர மணி நேரத்துல உருண்டுருச்சு. பால்மரத்துக்கு ஆணிவேர் நேரா கீழ போவுது, ஆனா வெட்டுனவங்க மூணடி ஒசரம் விட்டிருந்தாங்க, அந்த ஒசரமே நெம்புகோல் மாதிரி ஆச்சு, ஒரு பக்கம் ஆழமா தோண்டி மேல புடிச்சு அமுக்குனா மடக்குனு சாஞ்சுது, ஒன்னுக்கு ஒரு மணி நேரம். மாமரம்தான் உசுர வாங்கிருச்சு. அத தரையோட தரையா அறுத்து வச்சிருந்தோம், புடிக்க ஒன்னுமே இல்ல, மூணடி அகலம் வேற. அந்த ஒன்னுக்கே மூணர மணி நேரம், தூக்க முடியாதுன்னு குழியோட ஒரு பக்கத்த சரிவா வெட்டி அது வழியா உருட்டி ஏத்துனாரு. மரம் வெட்டப் போறவங்க நாலடியாவது விட்டு வெட்ட சொல்லுங்க, கெஞ்சி கேக்குறேன்.

பால்மர ஆணிவேர் வெளிய வந்தப்ப அப்பா ரொம்ப நேரம் அத தடவிக்கிட்டே நின்னாரு. கோலகங்சார்ல 1877ல நட்ட பால்மரத்துல ஒன்னு இன்னும் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்கிட்ட நிக்குதே, அதோட வேரு எவ்வளவு தூரம் போயிருக்கும்னு அந்த அண்ணன்கிட்ட கேட்டாரு. அவரும் மெஷின நிறுத்திட்டு ஒக்காந்து பேசுனாரு, அவசரப்படுத்தல.

கொறையும் சொல்லணும். காலையில 8 மணின்னு சொல்லிட்டு 10 மணிக்குத்தான் லோரி வந்துச்சு, ஒரு போன் கூட இல்ல. குழிய மூடுனப்ப கடைசி ரெண்டு குழிய அடுக்கடுக்கா அமுக்காம ஒரே தள்ளா தள்ளிட்டாரு, ஒரு வாரம் மழ பெஞ்சதும் அர அடி எறங்கிருச்சு, நாங்களே மண்ணு வாங்கி சங்கோல் (மண்வெட்டி) போட்டு நெரப்புனோம். கட்டைய எடுத்துட்டு போறது அவரு வேல இல்லங்கறதையும் முன்னாலயே சொல்லல. எரிச்சுரலாம்னு நெனக்காதீங்க, 1974 சுற்றுச்சூழல் தர சட்டப்படி திறந்த வெளியில எரிக்கறது குத்தம். தனியா ஒரு லோரி புடிச்சு அனுப்புனோம்.

செலவு ஒன்ற நாளுக்கு 1,100 வெள்ளி (ரிங்கிட்), மெஷின் ஏத்தி எறக்க 200, கட்ட ஏத்துன லோரிக்கு 180. எங்களுக்கு இது கொறச்சல் இல்ல, ஆனா சுவருக்கு ஒரு கீறல் இல்லாம முடிஞ்சுது. நான் மறுபடியும் அவரையேதான் கூப்புடுவேன், குழி மூடறப்ப மட்டும் பக்கத்துலயே நிப்பேன்.

புது பலாக்கண்டு வாங்கி வந்தாச்சு. பழைய எடத்துல வைக்கல, அந்த குழிய அப்பா ஒரு வருஷம் வெயில் காய விட சொல்லிட்டாரு, கண்டு கெணத்தடி பக்கமா நிக்குது.