அறுந்த பட்டை ரம்பம்: ஒட்டுப் போடுவதா, புதிது வாங்குவதா?

சென்ற தை மாதத்தில், காவேரிப்பட்டினம் பக்கத்துப் பழைய தோப்பிலிருந்து வந்த பெங்களூரா மாங்கட்டை ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தபோது, வேலிக் கம்பியைப் பிடித்திருப்பதற்காக எந்தக் காலத்திலோ அடித்து, மரம் வளர்ந்து விழுங்கிவிட்ட யு ஆணி ஒன்றில் பட்டு, எங்கள் மர மில்லில் மேலும் கீழுமாக இரண்டு சக்கரங்களைச் சுற்றி வளையமாக ஓடும் பட்டை ரம்பத்தின் 4 அங்குல அகலப் பிளேடில் பதினொரு பற்கள் கெட்டன. அவற்றுள் நான்கு அடியோடு முறிந்திருந்தன; ஒரு பல் குழியிலிருந்து, அதாவது இரு பற்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்திலிருந்து, விரிசல் முக்கால் அங்குலம் உள்ளே ஓடியிருந்தது. அந்தப் பிளேடு அதுவரை மூன்று முறைதான் சாணைக்குப் போய் வந்திருந்தது. அதே வாரத்தில், தேய்ந்து 3 அங்குலத்துக்கு வந்துவிட்ட வேறொரு பிளேடு, ஆணியிலோ கல்லிலோ படாமல் சாதாரண வேப்பங்கட்டையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்தது. முதலாவதற்கு ஒட்டுப் போட்டேன். இரண்டாவதைக் கழித்துவிட்டுப் புதிது வாங்கினேன்.

புதிய பிளேடின் நன்மைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழு அகலமும் கையில் இருக்கும், பல் இல்லாத விளிம்பான முதுகு நேராக இருக்கும், மாட்டியவுடன் அறுக்கலாம். ஆனால் எங்களைப் போன்ற சிறிய மில்களில் பிளேடு என்பது அகலமாகக் கையிலிருக்கும் பணம். ஒவ்வொரு சாணையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, 4 அங்குலத்திலிருந்து 2½ அங்குலத்துக்கு வரும் வரை அது உழைக்க வேண்டும். மூன்றே சாணை கண்ட பிளேடைப் பதினொரு பற்களுக்காக எறிந்துவிடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. கணக்கும் இடம் கொடுக்கவில்லை.

ஒட்டா, புதிதா என்ற கேள்விக்கு விடை விரிசலின் நீளத்திலோ முறிந்த பற்களின் எண்ணிக்கையிலோ இல்லை, அந்த விரிசல் எதனால் வந்தது என்பதில்தான் இருக்கிறது. எங்கள் சக்கரத்தின் விட்டம் 36 அங்குலம். நிமிடத்துக்கு 600 சுற்று ஓடுகிறது. பிளேடின் நீளம் 21 அடி. அப்படியானால் பிளேடின் ஒவ்வொரு இடமும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 270 முறை சுற்றிவந்து, மேல் சக்கரத்தில் ஒரு முறையும் கீழ்ச் சக்கரத்தில் ஒரு முறையுமாக 540 தடவை வளைந்து நிமிர்கிறது. ஒரு மணி நேரத்தில் இது முப்பதாயிரத்தைத் தாண்டிவிடும். இத்தனை முறை வளைந்த எஃகு களைத்துப் போய், இழுவிசை குவிகிற பல் குழியின் அடியில் மயிரிழை போல விரிசல் விடத் தொடங்குகிறது. சாணை பிடிக்கும்போது குழியின் அடியை உருண்டையாக விடாமல் மூலை விழும்படி விட்டாலும், கல்லை அழுத்திப் பிடித்து எஃகை நீலம் பாய வைத்தாலும், மழுங்கிய பல்லோடு கட்டையைத் தள்ளினாலும், மாலையில் மில்லை நிறுத்திய பிறகு சக்கரத்தைத் தளர்த்தாமல் விட்டாலும் அந்த நாள் சீக்கிரம் வரும்.

களைப்பினால் வந்த விரிசல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒரு குழி அனுபவித்ததை மற்ற எல்லாக் குழிகளும் அனுபவித்திருக்கின்றன. ஆகவே ஓரிடத்தை வெட்டி ஒட்டினால், மறு வாரம் வேறோர் இடத்தில் அறுந்துகொண்டு வரும். ஆணி பட்டு வந்த விரிசல் அப்படியில்லை. அது அந்த இடத்தோடு சரி, மீதி இருபது அடியும் நல்ல எஃகு.

இதைப் பிரித்தறிய நான் செய்வது மிக எளிய சோதனை. பிளேடைக் கழற்றிப் பிசினைத் துடைத்துவிட்டு, பல் குழிகளின் மேல் மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சாக்பீஸைத் தேய்க்க வேண்டும். விரிசலுக்குள் இறங்கியிருக்கும் எண்ணெய் கசிந்து வெண்மையின் மேல் கருங்கோடாகத் தெரியும். மாங்கட்டையில் அடிபட்ட பிளேடில், அடிபட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் கோடு இல்லை. வேப்பங்கட்டையில் அறுந்ததில், அறுந்த இடம் நீங்கலாக ஒன்பது கோடுகள் தெரிந்தன. அதன் பிறகு யோசிப்பதற்கு எதுவும் இல்லை. ஓரிரு சிறு கோடுகள் மட்டுமே தெரிந்தால், விரிசலின் நுனியில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் இருபுறமும் லேசாகத் தட்டி நிறுத்திச் சில நாள் ஓட்டலாம். ஆனால் அது தவணை வாங்குவதே தவிர, தீர்வாகாது.

ஒட்டுப் போடுவதென்று முடிவு செய்தால் இரண்டு வழிகள் உள்ளன. கெட்ட பகுதியை வெட்டிவிட்டு இரு முனைகளையும் அப்படியே சேர்த்துவிடலாம். ஆனால் பிளேடு குறுகும், மேல் சக்கரத்தின் திருகு இறங்கும் அளவுக்கு மேல் குறுக்க முடியாது. பதினொரு பற்கள் என்பதால் நான் இரண்டாவது வழியை எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு பல் நீளத்துக்கு, அதாவது 15 அங்குலத்துக்கு வெட்டியெடுத்து, அதே சுருளில் மிச்சம் வைத்திருந்த துண்டை அங்கே வைத்தோம். துண்டு அதே 20 கேஜ் தடிமனாக, அதே பல் இடைவெளியாக இருக்க வேண்டும். தடிமன் கூடிய துண்டை வைத்தால், சக்கரத்தில் வளையும்போது அதன் மேல் விழும் தகைவும் அதே விகிதத்தில் கூடும். துண்டு அங்கேயே அறுந்துவிடும்.

வெல்டிங் பட்டறையில் கொடுத்து ஒட்டுவதும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் அப்படி ஒட்டி வாங்கிய பிளேடு, இரண்டாம் நாளே ஒட்டுக்கு அரை அங்குலம் தள்ளி அறுந்தது. பிளேடு எஃகில் கரிமம் பெரும்பாலும் 0.7 முதல் 0.8 சதவீதம் வரை இருப்பதால், செந்தணலாகச் சூடேறிக் காற்றில் சட்டென்று ஆறும் பகுதி கண்ணாடி போல உடையும் தன்மைக்கு வந்துவிடுகிறது. மங்கிய சிவப்பு தெரியும் வரை மீண்டும் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால்தான் அது பழைய இளக்கத்துக்குத் திரும்பும். அங்கே அந்த வேலையைச் செய்யவில்லை. அதனால் இப்போது மில்லிலேயே வெள்ளிப் பற்று வைக்கிறோம், அதாவது பிளேடை உருக்காமல் நடுவில் வெள்ளிப் பற்றை உருக்கி ஒட்டுகிறோம். இரு முனைகளையும் 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு எதிரெதிர்ப் பக்கமாகச் சாய்த்து அராவி, ஒன்றின் மேல் ஒன்று படிந்தாலும் தடிமன் கூடாதபடி வைத்து, நடுவில் பற்றுப் பொடியும் வெள்ளித் தகடும் இட்டு, சூடேற்றிய இடுக்கியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இதிலும் சூடு மிஞ்சினால் அதே இளக்கும் வேலை தேவைப்படும். முதுகு நேர்கோல் மேல் ஒட்டி நிற்கிறதா என்று பார்க்காமல் பற்று வைக்கவே கூடாது; மயிரளவு கோணினாலும், ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு முன்னும் பின்னும் தாவிப் பலகையில் அலை விழும்.

இவ்வளவு செய்த பிறகும் ஒட்டுப் பிளேடு புதிதுக்குச் சமம் என்று நான் சொல்லமாட்டேன். துண்டில் உருளை ஓட்டி நடுப்பகுதியைச் சற்று நீளவைத்து, மற்ற இடத்தைப் போல விளிம்புகளை இறுக வைக்க அனுபவமுள்ள சாணைக்காரர் வேண்டும். எங்களுக்கு வருகிறவர் அதற்கே அரை நாள் எடுத்துக்கொண்டார். சாலையோரப் புளிய மரங்கள் ஏலத்தில் வரும்போது நான் ஒட்டுப் பிளேடை மாட்டுவதில்லை. கட்டையும் கடினம், விளம்பரத் தட்டி அடித்த ஆணிகளும் ஏராளம்.

பென்னாகரத்தில் என் மைத்துனர் வைத்திருக்கும் நகரும் மில்லின் 1¼ அங்குலப் பிளேடுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்றே கருதுகிறேன். அங்கே மூன்று மாதம்தான் வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் அறுந்தவை எல்லாம் களைத்து அறுந்தவையே. அந்த அகலத்தில் ஒட்டுப் போட்டுக் காப்பாற்றுவதற்கு மிச்சமும் அதிகம் இருப்பதில்லை. அங்கே புதிது மாட்டுவதே சரியாக இருந்தது.

தை மாதத்தில் ஒட்டிய பிளேடு அதன் பிறகு ஆறு சாணை கண்டு, ஓசூருக்குப் போகும் பெட்டிப் பலகைகளை இன்றும் அறுத்துக்கொண்டிருக்கிறது. புதிதாக வாங்கிய சுருளிலிருந்து இரண்டடித் துண்டை வெட்டி, எண்ணெய் தடவி, எந்தப் பிளேடின் துண்டு என்று சாக்பீஸால் எழுதிச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். மாங்கட்டை வந்தால், அறுக்கும் முன் வெட்டுமுகத்தில் கருநீலக் கறை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மரத்தின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்த இடம் அப்படித்தான் கறுக்கும்.