599 ரூபாய்க்கு 2 டிபி பென் டிரைவ்: வாங்கிவிடாதீர்கள்

வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள், அதிலும் ஸ்டுடியோக்காரர் "ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுத்துடுங்க சார், எல்லாத்தையும் போட்டுத் தர்றேன்" என்று சொல்லியிருந்தால், இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஆன்லைனில் தேடினால் 599, 799 என்று 2 டிபி (டெராபைட், அதாவது சுமார் 2000 ஜிபி) பென் டிரைவ் வரிசையாக வரும். பளபளவென்று உலோக உடம்பு, சாவிக்கொத்தில் மாட்ட ஒரு வளையம், 85 சதவீதத் தள்ளுபடி. எங்கள் வீட்டுக்கு வந்ததில் உண்மையாக இருந்த இடம் 32 ஜிபிகூட முழுசாக இல்லை.

வாங்கியவர் என் சித்தப்பா. மகளின் கல்யாணப் படங்களையும் எடிட் செய்யாத வீடியோவையும் சேர்த்து 200 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாக ஸ்டுடியோவில் அதில் ஏற்றிக் கொடுத்தார்கள். ராத்திரி காப்பி போட்டுவிட்டுப் போனால் காலையில்தான் முடிந்திருந்ததாம். வீட்டுக்குக் கொண்டுவந்து டிவியில் சொருகினார். நிச்சயதார்த்தம் ஓடியது, நலங்கு ஓடியது. ரிசப்ஷனில் பாதிக் கூட்டம் மேடையேறி இறங்கும்வரை ஓடியது. அதற்கப்புறம் எல்லாம் பெயர் மட்டும்தான். ஒரு படத்தில் பெண்ணின் நெற்றிச்சுட்டிவரை தெரிகிறது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். முகூர்த்தம் என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு ஃபைலும் பெயரோடும் சரியான அளவோடும் உட்கார்ந்திருக்கிறது, ஒன்றும் திறக்கவில்லை.

சித்தப்பா டிவி மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்து, "டிவி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, வந்ததற்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அப்புறம்தான் எனக்குப் போன். "டிவியும் சரிங்கிறான், ஸ்டுடியோவுலயும் சரியாத்தான் ஏத்தினேங்கிறான், யாரைப்பா நம்புறது?"

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது பென் டிரைவ். ஒவ்வொரு பென் டிரைவிலும் நினைவகச் சில்லுக்குப் பக்கத்தில் கன்ட்ரோலர் என்று ஒன்று உண்டு. "உன்னிடம் எவ்வளவு இடம் இருக்கிறது?" என்று கம்ப்யூட்டர் கேட்டால் பதில் சொல்வது அதுதான். அந்தப் பதிலை மாற்றி எழுதிவைக்க, தொழிற்சாலையில் பயன்படுத்தும் மென்பொருளே போதும். கம்ப்யூட்டரும் மேற்கொண்டு சரிபார்ப்பதில்லை, சொன்னதை நம்பிக்கொள்ளும். பத்து மூட்டை கொள்ளும் கிடங்கில் அறுநூறு மூட்டைக்கும் ரசீது போட்டுக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கொல்லைப்புறமாக வீசுகிற கணக்குப்பிள்ளை மாதிரிதான் இது. சிலவற்றில் இடம் தீர்ந்ததும் வருவதெல்லாம் காற்றில் போகும். இன்னும் சிலவற்றில் மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பித்து, பழையதை அழித்துவிடும். சித்தப்பாவுடையது முதல் வகை. ஃபைல் பட்டியல் டிரைவின் தொடக்கத்தில் எழுதப்படுவதால் அது பத்திரமாக இருந்தது. அதனால்தான் பெயரும் அளவும் தெரிந்தன, உள்ளே சரக்கு இல்லை.

ஸ்டுடியோக்காரர் ஏற்றி முடித்ததும் கடைசி ஃபைலைத் திறந்து பார்த்திருக்கிறார். அது ஓடியிருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு முன் கைக்கு வந்த ஃபைலை கம்ப்யூட்டர் தன் ரேமிலேயே, அதாவது தற்காலிக நினைவகத்திலேயே வைத்திருக்கும், அதிலிருந்தே எடுத்துக் காட்டிவிடும். டிரைவைக் கழற்றி, கம்ப்யூட்டரையும் ஒருமுறை அணைத்துப் போட்டுத் திறந்தால்தான் நிலவரம் தெரியும். இதை அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

டிரைவை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். சொருகும் வாய்க்குள் நீல நிற பிளாஸ்டிக், அதாவது வேகமான யுஎஸ்பி 3.0 வகை என்று அர்த்தம். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் தகடுகள் நாலே நாலு. உண்மையான 3.0 என்றால் முன்வரிசையில் நாலும் பின்னால் ஐந்துமாக ஒன்பது இருக்கவேண்டும். நீலம் வெறும் அலங்காரம். இன்னொன்றுதான் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. கம்ப்யூட்டரில் போட்டால் 1.95 டிபி என்று காட்டியது. நிஜமான 2 டிபி அப்படிக் காட்டாது. கம்பெனிகள் ஒரு டிபிக்கு லட்சம் கோடி பைட் என்று கணக்கு வைப்பார்கள். விண்டோஸ் 1024, 1024 ஆக வகுப்பதால் 2 டிபி என்பது 1.81 என்றுதான் தெரியும். நாணயமான கம்பெனிக்காரன் 1.81 கொடுக்கிறான், இவன் தாராளமாக 1.95 கொடுத்திருக்கிறான்!

2 டிபி பென் டிரைவ் என்பதே கட்டுக்கதையும் இல்லை. கிங்ஸ்டன் 2017 ஜனவரியிலேயே ஒன்றை அறிவித்தது. அது ஏழு சென்டிமீட்டர் நீளம், இரண்டு சென்டிமீட்டர் தடிமன். விலையும் அதற்கேற்ற விலை. நகத்தளவு சாமானில் 599க்கு அது வராது.

இந்த வியாபாரம் ஓடுவதே நேரத்தை வைத்துத்தான். நொடிக்கு 10 எம்பி வேகத்தில் 2 டிபியை நிரப்ப இரண்டு நாளுக்கு மேல், சுமார் 55 மணி நேரம் ஆகும். எவன் உட்கார்ந்து நிரப்பப் போகிறான்? வாங்கியவர்கள் நாலு பாட்டு, பத்து போட்டோ போட்டுப் பார்த்து, திறக்கிறது என்று ஐந்து நட்சத்திரம் குத்திவிடுகிறார்கள். குட்டு உடைவதற்குள் திருப்பி அனுப்பும் ஏழு நாள் கெடு தாண்டிவிடும். விமர்சனங்களைப் படித்தால் முக்கால்வாசி "பேக்கிங் சூப்பர்", "டெலிவரி பையன் நல்லா பேசினார்". நடுவே ஒருவர் "சாயம் போகவில்லை, மெட்டீரியல் அருமை" என்று எழுதியிருக்கிறார். வேறு ஏதோ பொருள் விற்ற பழைய பக்கத்திலேயே பெயரையும் படத்தையும் மாற்றி பென் டிரைவை ஏற்றியிருக்கிறார்கள். பழைய நட்சத்திரங்கள் அப்படியே கூட வந்துவிட்டன. தேதி பழையதாக இருக்கும் விமர்சனங்களைத் தேடிப் படியுங்கள், பல சமயம் அங்கேயே பிடிபடும்.

புகார் கொடுத்த கதையை ரொம்ப நீட்ட வேண்டாம். விற்பனைத் தளத்தின் சாட்டில் வந்தவர், டிரைவ் திறக்கிறதா என்று கேட்டார். திறக்கிறது என்றேன். அப்படியானால் குறை ஏதும் இல்லை என்று முடித்துக்கொண்டார். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தோம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளம் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் போட்டிருக்கவேண்டும். புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு. இதை எழுதி, சோதனை அறிக்கையின் படத்தையும் இணைத்து அந்த அலுவலருக்கே அனுப்பியதும் பேச்சு மாறியது. 599 திரும்பி வந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம்கூட இல்லை. சித்தப்பா "கேஸெல்லாம் வேண்டாம்ப்பா" என்றுவிட்டார். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அதே படம் இப்போது வேறு விற்பனையாளர் பெயரில் 549க்கு வந்திருக்கிறது, கொள்ளளவு மட்டும் 4 டிபி ஆகிவிட்டது.

சோதனை அறிக்கை என்றேனே, அதற்கு விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருள் போதும். லினக்ஸ், மேக் என்றால் எஃப்3 (F3). இரண்டும் செய்வது ஒரே வேலைதான்: தெரிந்த தரவை எழுதி, திரும்பப் படித்து, எவ்வளவு தேறியது என்று சொல்லும். 2 டிபி முழுவதையும் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, 100 ஜிபி எழுதச் சொன்னாலே இந்த ரகம் மாட்டிக்கொள்ளும். குயிக் ஃபார்மட் செய்து பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது ஃபைல் பட்டியலைத்தான் புதுப்பிக்கும், இடம் இருக்கிறதா என்று தொட்டுக்கூடப் பார்க்காது. பார்சல் வந்த அன்றே சோதித்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கி அதில் எதையாவது ஏற்றியிருந்தால், மேற்கொண்டு எதையும் எழுதாமல், திறக்கிற ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். 30 ஜிபியாவது இருக்கிறதே என்று மிச்சப் பகுதியைப் பயன்படுத்தவும் வேண்டாம், உள்ளே வைத்திருக்கும் சில்லு எந்தக் கழிவிலிருந்து வந்ததோ தெரியாது. அதற்கும் முன்னால் ஸ்டுடியோவுக்குப் போன் போட்டு, அவர்களிடம் இருக்கும் பிரதியை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த முகூர்த்தம் வந்தால் டிஸ்க்கைக் காலி செய்துவிடுவார்கள். எங்களுக்குப் படங்களும் எடிட் செய்த வீடியோவும் அவர்களிடம் கிடைத்தன. எடிட் செய்யாத வீடியோவைக் கேட்டபோது, முந்தின வாரம்தான் அழித்தோம் என்றார்கள்.