ஷெல் நிரல்களை எந்தப் படியில் சோதிப்பது?

உவர்மலையில் வீட்டு மடிக்கணினிக்கும் அலுவலகக் கணினிக்கும் கிட் என்ற மாற்றப் பதிவுக் கருவியில் ஒரே அமைவுக் களஞ்சியத்தைத்தான் வைத்திருக்கிறேன். அதிலிருந்த துப்புரவு நிரல் ஒன்று சென்ற மாரியில் என் படங்களைத் தின்றுவிட்டது. அழிக்கச் சொன்ன கோப்புறையின் பெயர் ‘நிலாவெளி பழையவை’. அந்தப் பெயரைத் தாங்கிய மாறியைச் சுற்றி நான் மேற்கோள்குறி இடவில்லை. கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல், பெயரை இரண்டு சொற்களாகப் பிரித்து, அருகிலிருந்த ‘நிலாவெளி’ என்ற புதுக் கோப்புறையை அழித்தது. கேள்வி கேட்காமல் அழி என்று சொல்லியிருந்ததால், ‘பழையவை’ என்று எதுவும் இல்லையே என்றுகூட முறையிடவில்லை.

பாஷ் என்ற ஷெல்லின் சொந்தத் தொடரியல் சோதனைக்கு எதையும் நிறுவ வேண்டியதில்லை. ‘இஃப்’ என்று நிபந்தனையைத் திறந்து, அதை மூடும் ‘ஃபை’ மறந்தால் பிடித்துவிடும். இந்த நிரலையோ குற்றமற்றது என்றது. இலக்கணம் சரிதானே!

விடர் ஹோலன் ஹாஸ்கெல் மொழியில் எழுதிய ஷெல்செக் என்ற பிழைகாண் கருவி, அதே வரியில் எஸ்சி2086 என்ற குறியீட்டோடு எச்சரித்தது: மேற்கோள்குறி இடு, இல்லாவிட்டால் சொல் பிரியும். இதற்குப் பிறகு பாஷின் சோதனையை நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஷெல்செக்கிலும் தொல்லை உண்டு. வேறு கோப்பை மாறி வழியாக உள்ளே இழுக்கும் வரிகளில் எஸ்சி1090 என்று நச்சரிக்கும். அமைவுக் கோப்புகளில் அத்தகைய வரிகள்தான் அதிகம். அங்கெல்லாம் விலக்குக் குறிப்பு எழுதினேன்.

ஷெல்செக்கை எங்கே ஓட்டுவது என்பதில்தான் அதிகம் தடுமாறினேன். களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப், கோப்பை அனுப்பியதும் சோதனைகளைத் தானே ஓட்டும் சேவையையும் தருகிறது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் உபுண்டு இயந்திரங்களில் ஷெல்செக் முன்பே இருக்கிறது. தனியார் களஞ்சியத்துக்கும் இலவசத் திட்டத்தில் மாதம் 2000 நிமிடங்கள் கிடைக்கும். ஆனால் பிழை தெரிவது கோப்பை அனுப்பிய பிறகு. மாரி மழையில் இணையம் அறுந்தால் அதுவும் இல்லை.

கிட் கொக்கி, அதாவது பதிவுக்கு முன் தானே ஓடும் நிரல், பதிவு செய்யும் கணத்திலேயே பிழையைத் தடுக்கிறது. கொக்கிகள் களஞ்சியத்தோடு நகலாவதில்லை என்பது குறை. 2016இல் வந்த கிட் 2.9 முதல், கொக்கிகளைக் களஞ்சியத்துக்குள்ளேயே வைத்து அந்த இடத்தைச் சுட்டலாம். ஒவ்வொரு கணினியிலும் ஒருமுறை சொல்லவேண்டும், அவ்வளவுதான். இன்னொரு பொறி: நாமே எழுதும் எளிய கொக்கி, பதிவுக்கு எடுத்துவைத்த வடிவத்தை விட்டுவிட்டு வட்டிலுள்ள கோப்பைச் சோதிக்கக்கூடும். பாதி மாற்றத்தை மட்டும் பதிவதுண்டு என்றால் கொக்கிகளை நடத்தும் பிரீ-கமிட் கருவி நல்லது. எடுத்துவைக்காத மாற்றங்களை அது தற்காலிகமாக ஒதுக்கிவிடும்.

நான் கொக்கியைத் தேர்ந்தேன். அவசரத்தில் அதைத் தாண்டிப் பதியும் என் பழக்கம் தெரிந்ததால் கிட்ஹப்பிலும் ஒரு சோதனை ஓடுகிறது. இஸட்ஷெல் என்ற இன்னொரு ஷெல்லின் கோப்புகளை ஷெல்செக் படிப்பதில்லை; அவற்றுக்கு இஸட்ஷெல்லின் தொடரியல் சோதனை மட்டும்தான். அங்கே அழிக்கும் கட்டளை எதையும் நான் வைப்பதில்லை.